க்ரூசரின் அழகை முடிவு செய்வது யார்?

புதிதாக ஒரு க்ரூசர் பைக் வெளிவந்தால், அதன் இழுவைத் திறனையும் மைலேஜையும் பற்றிப் பேச்சு எழுமுன்பே தோற்றத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. டேங்க் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, சைலன்சர் பெருத்துவிட்டது, முன்னால் ரேடியேட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது, ஹெட்லைட்டை வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று குறைகள் வரிசையாக வரும். தயாரிப்பு நிறுவனங்களும், வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாராரும் இதையெல்லாம் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். இது தவறான கணிப்பு. க்ரூசர் விஷயத்தில் ஓட்டுபவர்களின் அபிப்பிராயத்தை வெறும் ரசனைப் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வகை வண்டிக்கு முதலில் உருவம் கொடுத்தவர்களே அவர்கள்தான். கடந்த 50 ஆண்டுகளில் அவர்கள் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்று பார்த்தால், அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும்.

தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில்பார், முன்னோக்கி நீட்டி வைக்கும் கால்கள், நீர்த்துளி வடிவ டேங்க், அதன் கீழே மறைப்பில்லாமல் நிற்கும் பெரிய இன்ஜின் இவைதான் க்ரூசரின் அடையாளங்கள். நெடுஞ்சாலையில் அவசரமில்லாமல் வெகுதூரம் போவதற்கான வண்டி இது. ரேஸ் பைக்கின் உருவத்தைக் காற்றின் எதிர்ப்பு தீர்மானிக்கிறது; மலைக்காட்டு வண்டியின் உருவத்தைப் பாதையின் மேடுபள்ளம் தீர்மானிக்கிறது. க்ரூசருக்கு அந்த மாதிரிக் கட்டாயங்கள் குறைவு. அதனால் அதன் உருவம் மனிதர்களின் விருப்பத்திலிருந்தே பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஹார்லி, இந்தியன் நிறுவனங்களின் வண்டிகளை வாங்கியவர்கள் கனத்த மட்கார்டுகளை வெட்டி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து, பாபர் என்ற வடிவத்தை உண்டாக்கினார்கள். 1960களில் கலிபோர்னியாவின் பட்டறைகளில் முன் ஃபோர்க் நீண்டது, சாப்பர் பிறந்தது. ஹார்லி-டேவிட்சனை நிறுவியவர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன் 1963இல் அதன் வடிவமைப்புத் துறைக்கு வந்தவர். வாடிக்கையாளர்கள் வீட்டு ஷெட்டில் செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். 1971இல் வெளியான சூப்பர் க்ளைடில், பெரிய வண்டியின் சட்டத்திலும் இன்ஜினிலும் அதே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்டரின் ஒல்லியான முன்பகுதியைப் பொருத்தினார்கள். இன்றைய தொழிற்சாலைத் தயாரிப்பு க்ரூசர்களின் வம்சம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வண்டிக்குக் கிடைத்த வரவேற்பை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சூப்பர் க்ளைடில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, சாப்பரைத் தழுவிய மெலிந்த உடல்வாகு. இன்னொன்று, சீட்டோடு சேர்ந்து படகின் பின்பகுதிபோலக் குவிந்து முடியும் ஃபைபர் கிளாஸ் வால். வாங்குபவர்களுக்கு அந்த வால் பிடிக்கவில்லை; நிறுவனம் சீக்கிரமே அதைக் கைவிட்டு வழக்கமான மட்கார்டுக்குத் திரும்பியது. உடல்வாகு மட்டும் நிலைத்தது. 1977இல் லோ ரைடராக வளர்ந்து இன்றுவரை தொடர்கிறது. புதியது எதையும் மறுப்பவர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே மறுத்திருப்பார்கள். அவர்கள் ஒரே வண்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார்கள். வால் பகுதி, பின்சக்கரத்தையும் சட்டத்தின் பின்முனையையும் மூடிவிட்டது. வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்ததும் புரிய வேண்டும் என்பது அந்தத் தேர்வுக்குள் இருந்த எதிர்பார்ப்பு.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். அமைப்பு வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால், ஹார்லியின் சாஃப்டெயிலை அவர்கள் ஏன் கொண்டாடினார்கள்? அந்த வண்டியே ஒரு கண்கட்டு. 1950களுக்கு முந்தைய ஹார்லி வண்டிகளில் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் கிடையாது. ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து பின்சக்கர அச்சு வரை சட்டம் நேர்கோடாக இறங்கும். பார்க்க அழகு, முதுகுக்குத் தண்டனை. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த பில் டேவிஸ் என்ற பொறியாளர், ஷாக் அப்சார்பரை வெளியே தெரியாமல் ஒளித்துவைத்து அந்தக் கோட்டைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தார். அந்த யோசனையை வாங்கிய ஹார்லி, கியர்பாக்ஸுக்கு அடியில் ஷாக் அப்சார்பர்களைப் படுக்கவைத்து 1984இல் சாஃப்டெயிலை விற்பனைக்கு விட்டது. பழைய வண்டிபோல் நடிக்கும் புதிய வண்டி அது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நடிப்பால் ஓட்டுபவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் கேட்ட கோடும் கிடைத்தது, முதுகும் பிழைத்தது. ஆக, ஒளித்துவைப்பது எல்லாமே குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த ஒளிப்பு யாருக்குப் பயன்படுகிறது என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள்.

இந்த அளவுகோலை அண்மைக் கால வண்டிகள்மீது வைத்துப் பார்க்கலாம். 2001இல் ஹார்லி வெளியிட்ட வி-ராட், போர்ஷே நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய 1,130 சிசி வி-ட்வின் (‘வி’ வடிவில் நிற்கும் இரு சிலிண்டர்) இன்ஜினைக் கொண்டது. தண்ணீரால் குளிரூட்டப்படும் இன்ஜின், 115 குதிரைத்திறன், வெள்ளி நிற அலுமினிய உடல் என்று பொறியியல் ரீதியாக அருமையான வண்டி. அதை நேசித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. 2017 வரை அது உற்பத்தியில் இருந்தது. ஆனாலும் ஹார்லியை வழக்கமாக வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தங்கள் வண்டியாக ஏற்கவே இல்லை. முன்னால் அகன்று நிற்கும் ரேடியேட்டர் மறைப்பு இன்ஜினிலிருந்து பார்வையைத் திருப்பியது. டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது வெறும் மூடி. பெட்ரோல் சீட்டுக்கு அடியில். 2022இல் வந்த ஹார்லியின் 975 சிசி நைட்ஸ்டரிலும் இதே ஏற்பாடுதான். நீர்த்துளி வடிவில் முன்னால் தெரிவது காற்றுப் பெட்டியின் மூடி. பங்கில் நிற்கும்போது சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும். சீட்டின்மேல் பையைக் கட்டியிருந்தால் அதை முதலில் அவிழ்க்க வேண்டும். கனம் கீழே இறங்கி வண்டியைத் திருப்புவது எளிதாகிறது என்பது நிறுவனத்தின் நியாயமான வாதம். ஆனால் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டியில், டேங்கைப் போல் தோன்றும் ஒன்று டேங்காக இல்லாதது தோற்றக் குறை மட்டுமில்லை, புழக்கத்திலும் குறைதான். ‘ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது’ என்று முதலில் சொன்ன கண்கள் சரியாகத்தான் பார்த்திருக்கின்றன.

புகை விதிகளை மறந்து பேசலாமா என்று கேட்பார்கள். ஐரோப்பாவில் யூரோ 5, இந்தியாவில் பிஎஸ் 6, இரண்டும் 2020இல் நடைமுறைக்கு வந்தவை. 1957இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்டர் வரிசையின் காற்றால் குளிரும் இன்ஜின் யூரோ 5க்குப் பிறகு ஐரோப்பாவில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதன் இடத்தில் 2021இல் 121 குதிரைத்திறனோடு ஸ்போர்ட்ஸ்டர் எஸ் வந்தது. சைலன்சருக்குள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேண்டும், ரேடியேட்டர் வேண்டும். பழைய உருவம் தானாகவே உடைகிறது என்பது இந்தத் தரப்பின் வாதம். கட்டாயம் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டாயத்துக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பது உண்மையில்லை. ஹார்லியின் போட்டியாளரான இந்தியன் 2014இல் கொண்டுவந்த ஸ்கவுட்டும் தண்ணீரால் குளிரும் 1,133 சிசி வி-ட்வின்தான். அதன் ரேடியேட்டரைச் சட்டத்தின் இரு முன்கால்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஒடுக்கி வைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணை உறுத்தாது. பத்து ஆண்டு கழித்து இன்ஜினையும் சட்டத்தையும் மாற்றியபோதும் அந்த வண்டியின் நிழலுருவத்தை அவர்கள் தொடவில்லை. ஜப்பானியர்கள் இதை இன்னும் முன்பே கற்றுக்கொண்டார்கள். ஹோண்டா தன் ஷேடோ வண்டிகளில் தண்ணீரால் குளிரும் சிலிண்டர்களைச் சுற்றியும் ஃபின் எனப்படும் குளிரூட்டும் தகடுகளை வைத்தது. 1995இல் வந்த ஷேடோ ஏஸ் 1100இல், ஹார்லியின் ஒலித் தாளத்துக்காக கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்றி, அதனால் சற்றுத் திறன் குறைவதையும் ஒப்புக்கொண்டது. ஹார்லியேகூட 2014 மாடல் டூரிங் வண்டிகளில் சிலவற்றில், கால்களை மறைக்கும் தடுப்புகளுக்குள் ரேடியேட்டரை வைத்துத் தண்ணீர்க் குளிரூட்டலைச் சேர்த்தது. யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. ஒரே விதிகள், ஒரே இயற்பியல். உருவம் மட்டும் வேறு. அப்படியானால் குறை சொல்பவர்கள் விதியைக் குறை சொல்லவில்லை, வடிவமைப்பாளரின் தேர்வைத்தான் குறை சொல்கிறார்கள்.

முதலில் வெறுக்கப்பட்டவை பிற்பாடு போற்றப்பட்டதில்லையா என்ற கேள்வியும் உண்டு. வில்லி ஜி.யின் கைவண்ணத்தில் 1977இல் வந்த முழுக் கறுப்பு எக்ஸ்எல்சிஆர் அப்படிப்பட்டதுதான். அன்று விலைபோகாமல் சுமார் 3,000 வண்டிகளோடு உற்பத்தி நின்றது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுபவர்களின் முதல் தீர்ப்பு எப்போதும் இறுதித் தீர்ப்பு ஆவதில்லை. ஆனால் எக்ஸ்எல்சிஆர் க்ரூசரே அல்ல. கஃபே ரேசர் பாணி வண்டி. தவறான கூட்டத்தின் முன்னால் வந்து நின்றது என்பதுதான் அதன் கதை. அதேபோல, வயதானவர்கள்தான் குறை சொல்கிறார்கள், இளையவர்களுக்கு இவை ஒரு பொருட்டில்லை என்பதற்கு ஹோண்டாவின் ரெபெலைக் காட்டுவார்கள். 2017இல் புது உருவம் எடுத்த ரெபெல் 500இல் வி-ட்வின் இல்லை, குரோம் பளபளப்பும் இல்லை. ஆனாலும் புதிதாக ஓட்டத் தொடங்குபவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். கவனித்துப் பார்த்தால் அங்கேயும் அடிப்படை மாறவில்லை: 690 மில்லிமீட்டர் உயரத்தில் சீட், திறந்து கிடக்கும் சட்டம், கண்ணுக்குத் தெரியும் இன்ஜின், உண்மையான டேங்க். பழைய அலங்காரத்தைத் துறந்தார்கள், அமைப்பை வைத்துக்கொண்டார்கள். பிஎம்டபிள்யூ 2020இல் கொண்டுவந்த ஆர்18உம் அமெரிக்க மரபில் வந்ததல்ல. இருபுறமும் நீட்டி நிற்கும் 1,802 சிசி பாக்ஸர் இன்ஜினும், மூடாமல் சுழலும் டிரைவ் ஷாஃப்ட்டும் அதன் அழகாகப் பேசப்பட்டன. அந்த சிலிண்டர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு காலை முன்னே நீட்டவிடவில்லை என்பதுதான் அதன்மேல் எழுந்த குறை. இதைவிடக் குறிப்பான விமர்சனம் என்ன இருக்க முடியும்?

இந்த வழக்கில் சென்னைக்கும் பங்கு உண்டு. ராயல் என்ஃபீல்டு 2018இல் மிலான் கண்காட்சியில், தன் 1938ஆம் ஆண்டு கேஎக்ஸ் வண்டியை நினைவூட்டும் ஒரு வி-ட்வின் மாதிரியைக் காட்டியபோது ஆசை பெரிதாக எழுந்தது. 2022இல் அதே மிலானில் வந்து நின்றது சூப்பர் மீட்டியார் 650. இன்ஜின், அந்த நிறுவனத்தின் இன்டர்செப்டரில் இருந்த அதே 648 சிசி இணை ட்வின். வி-ட்வின் இல்லாத க்ரூசரா என்ற ஏமாற்றம் பலருக்கு. ஆனால் காற்றாலும் ஆயிலாலும் குளிரும் அந்த இன்ஜினில் தகடுகள் உண்மையான வேலை செய்கின்றன. ரேடியேட்டருக்கான மறைப்பு தேவைப்படவில்லை. சீட் 740 மில்லிமீட்டரில் தாழ்ந்திருக்கிறது. வண்டி தெருவுக்கு வந்தபின் ‘வி’ இல்லாத ஏக்கம் பெரும்பாலும் அடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். சிலிண்டர்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைவிட, அவை மறைக்கப்படாமல் நிற்கின்றனவா என்பதே பெரிய கேள்வி என்பதற்கு இது உள்ளூர்ச் சாட்சி.

அமெரிக்க ஓட்டுநருக்கும் நம் ஊர் ஓட்டுநருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மவர்களின் அபிப்பிராயத்துக்குக் கூடுதல் கனம் கொடுப்பதும் அதுதான். அங்கே வால் பிடிக்கவில்லை என்றால் வெட்டிவிட்டு வேறு மாட்டலாம் என்ற பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்புக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொழிற்சாலை வரைந்ததே முடிவு என்றாகும்போது, வரைவதற்கு முன்பு கேட்க வேண்டிய பொறுப்பு தொழிற்சாலைக்குக் கூடுகிறது. இதற்கு மிகச் சாதாரணமான உதாரணம் சேலை கார்டு. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. உயிர் காக்கும் விதி; தளர்த்தக் கூடாத விதி. ஆனால் நம் க்ரூசர்களில் அது பெரும்பாலும் கடைசி நேரத்தில் போல்ட் போட்டு மாட்டிய கம்பியாகவே வருகிறது. வண்டியின் கோட்டைக் கெடுக்கிறது என்று வாங்கியவர்கள் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள். அழகுக் குறையென்று தொடங்கியது அங்கே ஆபத்தாக முடிகிறது. முதல் கோடு போடும்போதே மட்கார்டையும் சேலை கார்டையும் ஒரே வளைவாக வரைந்திருந்தால் கழற்றும் எண்ணமே வந்திருக்காது. ஓரகடத்திலும் ஓசூரிலும் பைக் செய்கிறவர்களிடம் அதற்கான திறமை நிறையவே இருக்கிறது.