டீ குடித்தால் கிளம்பாது. கிரிவலம் வந்தால் கிளம்பும்!
டீசல் வேன் காட்டும் மாயம்

பவுர்ணமி நாள். சென்னையில் இருந்து திருவண்ணாமலைக்கு ஒரு வேன் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 3 குடும்பங்கள். ஒரு பாட்டி இருக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. தூக்குச் சட்டியில் புளியோதரையும் இருக்கிறது.

காலையில் சாவியைத் திருப்பியதும் வேன் கிளம்பியது. திண்டிவனம் தாண்டியது. செஞ்சியில் டீ குடிக்க நின்றது. கால் மணி நேரம் கழித்து எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் சாவியைத் திருப்பினார். "கர்... கர்..." என்ற சத்தம்தான் வந்தது. வேன் கிளம்பவில்லை.

"என்ன தம்பி, வண்டி படுத்துக்கிச்சா?" என்று பாட்டி கேட்டார்.

"கொஞ்சம் ஆறட்டும் பாட்டி. தானா கிளம்பிடும்" என்றார் டிரைவர்.

முக்கால் மணி நேரம் போயிற்று. வேன் கிளம்பியது. மீதி 40 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தது. எல்லோரும் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றினார்கள். 5 மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், வேன் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது!

டீ குடித்தால் கிளம்பாது. கிரிவலம் வந்தால் கிளம்பும். இது என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை. வண்டிக்கு வந்திருப்பது, சூட்டில் மட்டும் தலைகாட்டும் நோய். அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம். பட்டறைக்கு வந்து சேர்ந்து, மெக்கானிக் கைக்கு வருவதற்குள் வண்டி ஆறிவிடுகிறது. அவர் சாவியைத் திருப்புகிறார். உடனே கிளம்புகிறது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிட்ட குழந்தையைப் போல!

பிறகு என்ன? ஊகத்தில் வைத்தியம் நடக்கிறது. பாட்டரி மாற்றுகிறார்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். பணம் போகிறது. அடுத்த பவுர்ணமிக்கும் அதே டீக்கடை, அதே "கர்... கர்..."

நின்ற பிறகு ஏறும் சூடு

வண்டி ஓடும்போது விசிறி சுற்றுகிறது. தண்ணீர் ஓடி என்ஜினைக் குளிர வைக்கிறது. எதிர்காற்றும் அடிக்கிறது. வண்டியை நிறுத்தியதும் இவை எல்லாம் நின்றுவிடுகின்றன. ஆனால் என்ஜின் இரும்பில் உள்ள சூடு எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் டீசல் பம்புக்கும், செல்ஃப் மோட்டாருக்கும், ஒயர்களுக்கும் பரவுகிறது.

ஆகவே, நிறுத்திய பிறகு கொஞ்ச நேரத்துக்கு இந்தப் பகுதிகளில் சூடு குறைவது இல்லை, கூடுகிறது! டீ குடிக்கும் நேரம், அந்தச் சூடு உச்சத்துக்குப் போகும் நேரம்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

பெட்ரோல் வண்டியில் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்து இருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் என்ஜின், சுமார் 20 படி காற்றை 1 படி இடத்துக்குள் அமுக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பனித்துளி போலப் பீச்சினால், தானே பற்றிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல். 1858-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். 1897-ம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் வெற்றி பெற்றது. அவர் பெயரே எண்ணெய்க்கும் பெயர் ஆகிவிட்டது.

டீசல் என்ஜின் கிளம்ப 3 வேண்டும். போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். காற்று நன்றாக அமுங்க வேண்டும். டீசல் சரியான அழுத்தத்தில் பீச்ச வேண்டும். சூட்டில் கிளம்பாத வண்டியில் பெரும்பாலும் கெடுவது முதலாவதும் மூன்றாவதும்தான்.

காதும் கண்ணும் போதும்

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது? காலையில் சுற்றியது போலவே சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா? அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா?

இழுத்துச் சுற்றினால், கோளாறு மின்சாரப் பக்கம். தாமிரக் கம்பி 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குச் சூடானால், மின்சாரத்துக்கு அது கொடுக்கும் தடை 4-ல் 1 பங்கு கூடும். பாட்டரி முனையில் பூத்த உப்பும், தளர்ந்த எர்த் ஒயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். முதலில் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டரியை அளந்து பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் கிளம்பவில்லையா? இப்போது கண்ணுக்கு வேலை. ஒருவர் சாவியைத் திருப்பட்டும். இன்னொருவர் சைலன்சர் குழாயைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது. எரியவில்லை என்று பொருள். புகையே வரவில்லை என்றால், டீசலே உள்ளே போகவில்லை!

ஈரத்துணி வைத்தியம்

பழைய வகை வேன்களில், டீசல் பம்புதான் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. அதற்குள் உருளும் எஃகுத் துண்டுக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரு தலைமயிரின் கனத்தில் 10-ல் 1 பங்குகூட இல்லை. நாள்பட அது தேய்கிறது. வடிகட்டியை மாற்றாமல் விட்டாலும், டீசலில் தண்ணீரோ மண்எண்ணெயோ கலந்தாலும் சீக்கிரம் தேய்கிறது.

தேய்ந்த பம்பு காலையில் ஏன் வேலை செய்கிறது? வெல்லப்பாகைப் பாருங்கள். ஆறிய பாகு மெல்லச் சொட்டும். சூடான பாகு தண்ணீராய் ஓடும். டீசலும் அப்படியே. ஆறி இருக்கும்போது கெட்டியாக இருந்து இடைவெளியை அடைக்கிறது. சூட்டில் நீர்த்து, இடுக்கு வழியே நழுவிவிடுகிறது. செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் பம்பால் அழுத்தம் கொடுக்க முடிவது இல்லை. கிளம்பிவிட்டால் வேகம் பல மடங்கு கூடுவதால், பிறகு தொல்லை இல்லை.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சூட்டில் கிளம்பாதபோது, ஈரத்துணியைப் பிழிந்து பம்பின் மேல் மட்டும் 10 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். உடனே கிளம்பினால், பம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஒயர்களை நனைக்கக்கூடாது. கொதிக்கும் பம்பின் மேல் குடத்துத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. உள்ளே உள்ள பாகங்கள் இறுகிப்போகும்.

பம்பு அருகே டீசலை அடைத்துத் திறக்கும் மின்சார வால்வு ஒன்றும் இருக்கும். சாவி போட்டதும் "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். சூட்டில் மட்டும் அந்தச் சத்தம் இல்லையானால், பம்பு தப்பியது. வால்வை மாற்றினால் போதும்.

இன்னொன்று, காற்று. குழாய் இணைப்பிலோ வடிகட்டி வாஷரிலோ கசிவு இருந்தால், டீசல் பின்வாங்கிக் காற்று புகுந்துவிடும். கைப்பம்பை அடித்ததும் வண்டி கிளம்பினால், "ஏர்" பிடித்திருக்கிறது என்று அறியலாம். இந்தக் கோளாறு இரவு முழுவதும் நின்ற வண்டியிலும் தலைகாட்டும்.

புது வண்டிக்குப் புதுப் பாடம்

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தது. இந்தக் கால டீசல் வேன்களில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு பொதுக் குழாயில் போதிய அழுத்தம் சேராவிட்டால், டீசலைப் பீச்ச அது உத்தரவு கொடுக்காது. ஒரு நாசில் உள்ளுக்குள் கசிந்தாலும் அழுத்தம் சேராது. மெக்கானிக்குகள், ஒவ்வொரு நாசிலின் திரும்பு குழாயிலும் ஒரு பாட்டிலைக் கட்டிப் பார்க்கிறார்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிரம்புகிறதோ, அதுவே திருடன்! என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார், சூட்டில் செயல் இழப்பதும் உண்டு. அதை ஸ்கேனர் கருவி காட்டிக்கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை: புது வண்டியில் டீசல் குழாயைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால், காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டு

வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம். ஒரு துண்டுச் சீட்டில் 5 விஷயங்களை எழுதி வையுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு நின்றது? எத்தனை நிமிடம் நிறுத்தி இருந்தது? செல்ஃப் வேகமாகச் சுற்றியதா? புகை வந்ததா? கடைசியில் எதனால் கிளம்பியது?

சீட்டை மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அவர் கண் எதிரிலேயே கால் மணி நேரம் நிறுத்திவைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நோய் இருக்கும்போதே நாடி பார்க்க வேண்டும் அல்லவா?

திருவண்ணாமலை நெருப்புத் தலம். அங்கே போகிற வண்டி, சூட்டைத் தாங்காமல் வழியில் நிற்கலாமா? அடுத்த பவுர்ணமிக்கு, பாட்டி டீ குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் வேன் கிளம்ப வேண்டும். புளியோதரையை மலையைச் சுற்றி வந்த பிறகு பிரித்தால் போதும்!