கையெழுத்துக்கு முன்னே

பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் ஈப்போ பக்கம் ஒரு வீடு வாங்கப் போகிறீர்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் தாளை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடலாமா? கூடாது.

ஒப்பந்தத்திற்கு முதலில் ஒரு வரைவு எழுதப்படும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மலாயும் ஆங்கிலமும் படித்த பிள்ளையை வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் பாருங்கள். என் மாணவன் ஒருவனின் தந்தைக்குக் கார்டில் ஒரு பெயர், தோட்டத்தில் வேறொரு பெயர். வரைவில் தோட்டத்துப் பெயரே இருந்தது. மகன் கண்டுபிடித்தான், அன்றே திருத்தினார்கள்.

அடுத்து, லாட் எண். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்த்தால், உரிமையாளர் யார், வங்கியில் அடமானம் உண்டா என்பது தெரியும்.

பிறகு பட்டாவின் வகை. 'கெரான்' என்றால் நிரந்தர உரிமை. 'பஜாக்கான்' என்றால் குத்தகை. மீதி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கைமாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

கடைசியாக விலை, முன்பணம், பணம் கட்டும் கெடு.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பணம் கொடுத்ததும் நிலம் நமதாகிவிடாது. 14ஏ பாரம் நில அலுவலகத்தில் பதிவான பிறகே நமதாகும். பதிவான பின் திருத்துவது பெரும்பாடு. வரைவில் திருத்த ஒரு பேனா போதும்.

கைநாட்டு வைப்பவரும் கூச்சப்பட வேண்டாம். "வாசித்துக் காட்டுங்கள், பிறகு வைக்கிறேன்" என்று சொல்லுங்கள்.