அமிர்தியில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வர எவ்வளவு நேரமாகும்?

ஜவ்வாதுமலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி, வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. கிராமப்புறங்களுக்கு 20 நிமிடத்தில் தீயணைப்பு வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான பரிந்துரை. வேலூரிலிருந்து கிளம்பும் வண்டி அதற்குள் வரணும்னா, மணிக்கு 75 கி.மீ. வேகம் தேவை. 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 37 நிமிடத்தைத் தாண்டிடும். கூரை வீடு எரிய அவ்வளவு நேரம் ஆகாது.

அப்போ என்ன செய்யணும்?

* 'நாமே அணைச்சிடலாம்'னு காத்திருக்காதீங்க. முதல்ல 101 அல்லது 112-க்கு போன் பண்ணுங்க.
* ஊர்ப் பெயரோடு, பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி என அடையாளமும் சொல்லுங்க.
* வழிகாட்ட ஒருத்தரை மெயின் ரோட்டில் நிறுத்துங்க.
* காட்டுத்தீ என்றால் மேட்டுப் பக்கம் ஓடாதீங்க. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும்.