ஜரிகைக்கு விலை உண்டு, சீலைக்கு?

விசைத்தறி ஊரான மங்கலத்தில் பழைய பட்டுச் சீலைக்கு விலை சொல்ல அதிக நேரம் ஆகாது. ஜரிகை வாங்க வருகிறவர் முந்தானையை விரிப்பார், நகத்தால் லேசாகச் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகை. தெரியாவிட்டால் சீலை திரும்பப் பீரோவுக்கே போய்விடும். அசல் என்றால் கரையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரு தொகை சொல்வார். வாங்கிப்போன சீலையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். தங்கம் வெறும் முலாம்தான், எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆக, போலி ஜரிகைச் சீலை பிழைத்துக்கொள்கிறது. நல்ல சீலைதான் நெருப்புக்குப் போகிறது.

வீட்டுப் பழம்பொருளை வல்லுநரிடம் காட்டி மதிப்புக் கேட்பது பிரிட்டனில் பெரிய பொழுதுபோக்கு. பிபிசி 1979-ல் தொடங்கிய அப்படியொரு தொலைக்காட்சித் தொடர் பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடுகிறது. பரணில் கிடந்த பீங்கான் தட்டை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்று ஒருவர் நிதானமாகச் சொல்வார். விலை கடைசியில்தான் வரும்.

நம் பக்கம் மதிப்புப் போடுகிறவர் என்றாலே நகைக்கடன் அப்ரைசர்தான் நினைவுக்கு வருவார். உரைகல்லில் ஓர் இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம், பிறகு தராசு. பாட்டியின் அட்டிகையில் பதித்த கெம்புக்கு ஒரு கழிவு, உள்ளே அடைத்த அரக்குக்கு ஒரு கழிவு. அவரைக் குறை சொல்ல முடியாது. கடனுக்கு ஈடாகத் தங்கம் தேறுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் காசு மாலையில் கோத்த விக்டோரியா சவரனும் அவர் கணக்கில் 7.98 கிராம், 22 காரட், அவ்வளவுதான். எந்த ஆண்டு, எந்த அக்கசாலையில் அச்சடித்தது என்று அந்த மேஜையில் யாரும் கேட்பதில்லை. பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் இன்னும் மோசம், கிலோ கணக்கு.

நகையாவது உருக்கினாலும் நகையாகத் திரும்பி வரும். எனக்குக் கவலையெல்லாம் சீலைமேல்தான்.

மங்கலத்தில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில் அவர் மாமியார் கட்டிய கூறைச்சீலைகளில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. இரண்டும் சேரும் இடத்தில் அந்த இல்லத்தரசி விரலை வைத்தார். ஒட்டோ தையலோ இல்லை. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுத் திரும்புகின்றன. கோர்வை என்பது இதைத்தான். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர வேண்டிய வேலை. காடா துணிக்கு இஞ்சுக்கு எத்தனை ஊடை என்று தடவியே சொல்லிவிடும் வீட்டுக்காரர்கூட அதைச் சற்று நேரம் குனிந்து பார்த்தார்.

மற்றச் சீலைகள்? “ஏனுங்க, கட்டறதுக்கும் ஆகாது, மடிச்சு வெச்சா மடிப்புலயே இத்துப்போவுது. வித்த காசுல பேத்திக்கு ஒரு தோடு எடுத்தமுங்க” என்றார் அந்த அம்மா. பணத்தேவை இல்லாதவருக்குப் பழம்பெருமை பேசுவது எளிது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு மலைகளில் வாழும் தோராஜா மக்களைப் பாருங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அச்சுத் துணிகளைக் குலச்சொத்தாக வைத்திருந்தார்கள். சடங்குக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். நம் நாட்டுப் பழந்துணிகளைப் படிக்க விரும்பும் ஆய்வாளர்கள் அங்கெல்லாம் தேடிப்போக வேண்டியிருக்கிறது. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் இந்த மங்கலம் வட்டாரத்தில், பாட்டி கட்டிய துணிக்கு எடைக்கு மேல் மதிப்புச் சொல்ல ஆளில்லை.

சட்டமும் இங்கே பெரிய துணையில்லை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அந்த வயதுடைய சிலை, ஓவியம், சித்திரச் சுவடி வீட்டில் இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். நெய்த சீலை அந்தப் பதிவுப் பட்டியலில் வராது. பாட்டி சீலை பலவற்றுக்கு நூறு வயதும் ஆகியிருக்காது.

இத்துப்போகிறது என்பதற்கு வழி இருக்கிறது. பட்டு முறிவது பெரும்பாலும் ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடப்பதால்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு, துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைக்கலாம். ஜரிகை கறுத்தால் பயப்பட வேண்டாம், வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். அதை எலுமிச்சை போட்டுத் தேய்ப்பதுதான் தவறு.

விற்றே தீர வேண்டுமென்றாலும் முதலில் கரை, முந்தானை, கோர்வை மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து, யார் கல்யாணத்துக்கு, எந்த ஊரில், எந்த வருடம் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து நெசவு தெரிந்த இருவரை வருடத்துக்கு ஒருநாள் வரவழைத்து, ஏதாவது கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார வைப்பது இந்த ஊர் முதலாளிகளுக்குப் பெரிய செலவா என்ன? பண்டிகை முடிந்து தறி ஓடாத வாரத்தில் வைத்தால் கூட்டத்துக்கும் பஞ்சமிருக்காது.