வலியில்லாத பாம்புக்கடி

பிசானப் பருவத்தில் தாமிரபரணிக் கால்வாய் வயல்களுக்கு இரவில் மடை பார்க்கச் செல்லும் அங்கத்தினர்கள் பாம்புக்கு அஞ்சுவது இயல்பே. தறிக்குழிக்கு அருகே பாய் விரித்துப் படுக்கும் நெசவாளருக்கும் அவ்வச்சம் சிறிது வேண்டும்.

நம் நாட்டில் மிகுதியாக உயிர் குடிப்பவை நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கு. முதல் மூன்றும் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும் காணும். கட்டுவிரியன் அவ்வாறன்று. இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலி பெரும்பாலும் இராது. பல்லின் தடமும் பல சமயம் புலப்படாது. கடியுண்டவர் மீண்டும் உறங்கிவிடுவார். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். இமைகள் தாமே சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும். பின்னர் மூச்சு விடும் தசைகளே ஓய்ந்துவிடும்.

நான் தணிக்கைக்குச் சென்ற சங்கம் ஒன்றில், அங்கத்தினர் ஒருவரின் மனைவியாருக்கு இவ்வாறே நேர்ந்தது. ஓமத்திரவமும் சோடாவும் கொடுத்து இரண்டு மணி நேரத்தைக் கழித்தனர். இமை சரிந்ததைத் தூக்கக் கலக்கம் என்றனர். படித்தவன் நானும் அப்படியே எண்ணினேன். ஆஸ்பத்திரியில் பல நாள் செயற்கைச் சுவாசம் அளித்த பின்னரே அவர் பிழைத்தார். இந்நஞ்சு நரம்பு முனைகளில் பதிந்துவிட்டால் முறிமருந்தால் எளிதில் மீட்க இயலாது. காலத்தின் அருமை அதுவே.

ஆகவே, தரையில் உறங்கியவருக்கு விடியலில் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமைச் சரிவும் கண்டால், பாம்பை எவரும் பாராவிடினும் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய அவ்வண்டிக்குக் கட்டணம் இல்லை. கடித்தது தெரிந்தாலோ, எந்த அறிகுறிக்கும் காத்திராது அழைக்கவேண்டும். மோதிரம், கொலுசுகளைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்தல் போதும். கயிறு கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கேடு. பாம்பை அடித்துக் கொணரவும் வேண்டாம். நான்கிற்கும் மருந்து ஒன்றே. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்து வழங்கி வந்திருப்பது, மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பதை நம்மவர் பலர் அறியார்.

தொலைபேசியில் பேசுகையில் ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் ஆகியவற்றைச் சொல்லி, சாலை முனையில் ஒருவரை டார்ச் விளக்குடன் நிறுத்துங்கள்.