கண்டிப் பக்கங்கள் - 9: ஜின் இல்லாத மாயக்கதை

இளையோருக்கென்று எழுதப்படும் மாயக் கதைகளுக்கு ஒரு பழகிய அடித்தளம் உண்டு. பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளை, பிறப்பில் ஒளிந்திருக்கும் இரகசியம், வழியில் வாய்க்கும் நட்பு, எத்தனை கடல் தாண்டினாலும் விதி சேர்த்துவைக்கும் காதல். இவற்றை வைத்துத்தான் ஈழத்தின் முதல் தமிழ் நாவலே பிறந்தது. அதை எழுதியவர் கண்டியில் பிறந்த சட்டத்தரணி.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் பிறந்தார். 1862இல் புரொக்டர் ஆனார். வழக்கும் வருமானமும் போதுமென்று இருந்திருக்கலாம். அவரோ 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆங்கிலப் பள்ளிகளை ஒதுக்கிவைத்திருந்த தம் சமூகத்தோடு வாதாடினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். இத்தனைக்கும் நடுவே 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

எகிப்தில் பெரிய இடத்தில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. பம்பாயில் வளர்கிறது. வாலிபனாகிக் கல்கத்தா போகிறான். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி மீது காதல் கொள்கிறான். கடைசியில் தான் யாரென்று அறிந்து பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். இந்தக் கதையை நான் சொல்லக் கேட்ட பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சேர், இதில ஜின் ஒண்ணும் வராதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முஸ்லிம் தமிழில் கிஸ்ஸாக்கள் என்னும் கதைப் பாடல்கள் பெருகியிருந்த காலம் அது. ‘சைத்தூன் கிஸ்ஸா’வில் வாளேந்திப் போரிடும் இளவரசியே காதலியாகிறாள். அந்த மரபில் ஊறியவர்களுக்கு எழுதிய சித்திலெப்பை, மாயத்தை எடுத்துவிட்டு விதியை மட்டும் வைத்துக்கொண்டார். பறக்கும் கம்பளம் செய்யும் வேலையை அவர் கதையில் நீராவிக் கப்பல் செய்கிறது.

அந்தக் கப்பல் வெறும் கற்பனை அல்ல. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நாவல் வெளிவந்த அதே 1885இல்தான் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்தது. கண்டியில் காலையில் ரயிலேறும் இளைஞனுக்குப் பம்பாயும் எகிப்தும் ஒரே கப்பல் பாதையில் வந்துவிட்டன. உலகம் அப்படித் திறந்துகொண்ட கணத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு அவர் அந்தப் பாதையையே கதையாக எழுதிக் கொடுத்தார் என்றுதான் நான் இந்த நாவலைப் படிக்கிறேன்.

எகிப்து ஏன் என்பதற்கும் விடை அருகிலேயே இருக்கிறது. எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து 1882 செப்டம்பரில் தெல்-எல்-கபீரில் தோற்ற ஒறாபி பாஷாவை, கூட்டாளிகள் அறுவரோடு நாடுகடத்தி இங்கே அனுப்பினார்கள். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் இறங்கினார்கள். அதுவரை பத்திரிகையில் மட்டும் படித்த பாஷாக்களையும் பேக்களையும் இலங்கை முஸ்லிம்கள் கண்ணால் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, பெயரிலேயே ‘பே’ பட்டம் தாங்கிய கதாநாயகனோடு நாவல் வந்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஒறாபிக்கும் சித்திலெப்பைக்கும் இடையே வளர்ந்த நட்பு அந்தக் கதையை விடவும் பெரியது. கொடையாளர் வாப்பிச்சி மரிக்காரோடு சேர்ந்து அவர்கள் எடுத்த முயற்சியில்தான் 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் ஒறாபி கண்டிக்குக் குடிவந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு நிலையமாக இருக்கிறது. பெரஹரா பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

‘அசன்பே’யில் இலங்கை மண் இல்லையே என்ற குறை பலகாலமாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் அதற்காக அதை ஒரு தொடக்கம் என்று மட்டும் குறித்துவிட்டு ஆய்வாளர்கள் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1895இல் திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’யும் நாயக்கர் காலத் தமிழகத்துக்குத்தான் போனது. அவர்களின் இளம் வாசகர்களுக்குத் தூரதேசம்தான் வேண்டியிருந்தது. பதினைந்து வயதில் நமக்கும் அதுதானே வேண்டியிருந்தது?

இரண்டுக்கும் நடுவே, 1891இல், இன்னாசித்தம்பி என்ற இன்னொரு திருகோணமலைக்காரர் ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தமிழாக்கினார். அதில் பிரிந்துபோன இரட்டையரில் ஒருவனைக் கரடி வளர்க்கிறது. அந்த ‘ஊசோன் பாலந்தை கதை’ அடுத்த வாரம்.