ரஷ்யப் பேரரசின் செப்பு நாணயச் சேகரிப்பு

ரஷ்யப் பேரரசின் செப்பு நாணயச் சேகரிப்பு என்பது 1700 முதல் 1917 வரை ரஷ்யாவில் அச்சிடப்பட்ட செப்பு நாணயங்களைத் தேடிச் சேர்த்தல், வகைப்படுத்தல், ஆராய்தல் ஆகியவற்றைக் குறிக்கும். இது நாணயவியலின் ஒரு பிரிவாகும். பேரரசு 1721 இல் அறிவிக்கப்பட்டது எனினும், முதலாம் பீட்டரின் நாணயச் சீர்திருத்தம் தொடங்கிய 1700 ஆம் ஆண்டே பட்டியல்களில் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. இந்நாணயங்களின் எடை அரசின் நிதித் தேவைக்கேற்பப் பலமுறை மாற்றப்பட்டது. அவ்வேளைகளில் பழைய நாணயங்கள் உருக்கப்பட்டன, அல்லது அவற்றின் மீதே புதிய அச்சுப் பதிக்கப்பட்டது. சில நாணயங்கள் இன்று அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

வரலாறு

சார் மன்னர் அலெக்சேய் மிகைலோவிச் வெளியிட்ட செப்புக் காசுகள் மதிப்பிழந்து, 1662 இல் மாஸ்கோவில் செப்புக் கலகம் வெடித்தது. 1663 இல் அவை கைவிடப்பட்டன. 1700 இல் முதலாம் பீட்டர் தெங்கா (அரைக் கோப்பெக்), பொலுஷ்கா (கால் கோப்பெக்) போன்ற சிறு செப்பு நாணயங்களை வெளியிட்டார். 1704 இல் செப்புக் கோப்பெக் வெளிவந்தது. ஒரு ரூபிள் 100 கோப்பெக்குகளுக்குச் சமம்.

எடைத் தரம்

செப்பு நாணயங்களின் எடை, ஒரு பூட் செம்பிலிருந்து எத்தனை ரூபிள் மதிப்புள்ள நாணயங்கள் அச்சிடப்பட வேண்டும் என்பதைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. பூட் என்பது ஏறத்தாழ 16.38 கிலோகிராமுக்குச் சமமான பழைய ரஷ்ய எடை அலகு ஆகும். ரூபிள் எண்ணிக்கை கூடினால் நாணயம் இலேசாகும். அரசின் இலாபம் பெருகும். 5 கோப்பெக் நாணயத்தின் சட்டப்படியான எடை பின்வருமாறு மாறியது.

- 1723: பூட்டுக்கு 40 ரூபிள், 20.5 கிராம்
- 1758: பூட்டுக்கு 16 ரூபிள், 51.2 கிராம்
- 1831: பூட்டுக்கு 36 ரூபிள், 22.75 கிராம்
- 1849: பூட்டுக்கு 32 ரூபிள், 25.6 கிராம்
- 1867: பூட்டுக்கு 50 ரூபிள், 16.4 கிராம்

16 ரூபிள் தரத்தில் 100 ரூபிள் தொகையின் எடை 102 கிலோகிராமுக்கும் மேலாகும். இச்சுமையைக் குறைப்பது, 1769 இல் இரண்டாம் கத்தரீன் காகிதப் பணத்தை வெளியிட்டதன் நோக்கங்களுள் ஒன்று.

மேலச்சு நாணயங்கள்

ஏற்கனவே அச்சான நாணயத்தைக் காய்ச்சி உருக்காமல், அதன் மீது புதிய அச்சைப் பதிப்பது மேலச்சு எனலாம். பழைய எழுத்தோ ஆண்டோ சில இடங்களில் அழியாமல் எஞ்சியிருப்பதைக் கொண்டு இதனை இனங்காணலாம்.

1723 முதல் 1730 வரை வெளியான 5 கோப்பெக் நாணயத்தின் முகமதிப்பு அதிலுள்ள செம்பின் விலையைவிட மிக அதிகமாக இருந்ததால் போலிகள் பெருகின. 1744 முதல் 1746 வரை அதன் மதிப்பு படிப்படியாக 2 கோப்பெக்காகக் குறைக்கப்பட்டது. இந்த இழப்பு நாணயத்தைக் கையில் வைத்திருந்தவர்களையே சார்ந்தது. 1755 இல் பூட்டுக்கு 8 ரூபிள் என்ற தரத்தில் வந்த புதிய 1 கோப்பெக் நாணயத்தின் எடையும் 20.5 கிராமே. எனவே பழைய 5 கோப்பெக்குகள் பல அப்படியே 1 கோப்பெக்காக மேலச்சிடப்பட்டன. மேகங்களின் நடுவே கழுகு பொறித்த இந்நாணயத்தில் பழைய சிலுவைக் கோடுகள் தெரிந்தால், ஐந்திலொன்றாகச் சுருங்கிய அதன் மதிப்பு ஒரே துண்டில் பதிவாகியுள்ளது எனலாம்.

1762 இல் மூன்றாம் பீட்டர் எடைத் தரத்தை 32 ரூபிளாக்கி, 5 கோப்பெக்குகளை முரசுகளும் கொடிகளும் கொண்ட 10 கோப்பெக்குகளாக மேலச்சிடச் செய்தார். அவ்வாண்டே அவரை அகற்றி அரியணையேறிய இரண்டாம் கத்தரீன் அவற்றை மீண்டும் 5 கோப்பெக்குகளாக்கினார். இவ்வாறு மும்முறை அச்சேறிய நாணயங்களும் உள்ளன. தப்பிய 10 கோப்பெக்குகள் சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. 1796 இல் கத்தரீன் தொடங்கிய இத்தகைய மற்றொரு முயற்சியை அவர் மகன் முதலாம் பவுல் நிறுத்தினார். அந்த 10 கோப்பெக்குகளை 5 கோப்பெக்குகளாக மாற்றப் பழைய ஆண்டுகள் பொறித்த அச்சுகளே பயன்படுத்தப்பட்டன. ஆகவே நாணயத்திலுள்ள ஆண்டு அது அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

பிற அரிய நாணயங்கள்

முதலாம் கத்தரீன் காலத்தில் எக்கத்தரின்பூர்க்கில் சதுரச் செப்புத் தகடுகள் பணமாக வெளியிடப்பட்டன. ஒரு ரூபிள் தகட்டின் எடை ஏறத்தாழ 1.6 கிலோகிராம். பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டதால் இவை மிக அரியவை. 1770-1771 இல் செஸ்ட்ரோரெட்ஸ்க் நாணயச்சாலையில் சோதனையாகச் செய்யப்பட்ட செப்பு ரூபிள் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுள்ளது. கொலிவான் செம்பில் சிறிதளவு வெள்ளியும் தங்கமும் கலந்திருந்ததால், 1763 முதல் 1781 வரை சைபீரியாவுக்கெனத் தனி நாணயங்கள் இலேசான எடையில் அச்சிடப்பட்டன. இவற்றின் பெரிய மதிப்புகளில் இரு சேபிள் விலங்குகள் கேடயத்தைத் தாங்கி நிற்கும்.

போலிகளும் மறுபதிப்புகளும்

1788-1790 ரஷ்ய-சுவீடன் போரை ஒட்டி, சுவீடனின் அவெஸ்டா நாணயச்சாலை கத்தரீனின் 5 கோப்பெக்குகளைப் போலியாக அச்சிட்டது. கழுகின் மீதுள்ள மகுடத்தின் வடிவ வேறுபாடு இவற்றைக் காட்டிக்கொடுக்கும். இவையும் இன்று சேகரிக்கப்படுகின்றன. சேகரிப்பாளர்களுக்காக நாணயச்சாலைகளே பிற்காலத்தில் செய்தளித்த மறுபதிப்புகள் நொவோதெல் எனப்படும். இவ்வழக்கம் 1890 இல் தடை செய்யப்பட்டது.

பட்டியல்கள்

இளவரசர் கியோர்கி மிகைலோவிச் 18, 19 ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாணயங்களைப் பற்றிப் பல தொகுதிகள் வெளியிட்டார். 1919 இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரது சேகரிப்பின் பெரும்பகுதி அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. செப்பு நாணயங்களுக்கென்றே பிரெக்கே எழுதிய நூல் 1977 இல் வெளிவந்தது.

பராமரிப்பு

செம்பின் மீது காலப்போக்கில் உருவாகும் பழுப்புப் படலம் நாணயத்தைக் காப்பதோடு அதன் பழமைக்கும் சான்றாகும். அமிலம் அல்லது துலக்கும் பொடி கொண்டு பளபளப்பாக்கினால் இப்படலம் அழியும். மேலச்சின் மெல்லிய தடயங்களும் மறையக்கூடும். அவ்வாறு துலக்கிய நாணயத்தின் விலை வெகுவாகக் குறையும். பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு அரிப்பு தொடர்வதைக் காட்டுவதால், நாணயங்களை ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும்.